இரண்டே நிலையத் தொலைவு!

மேசையின்மீது இரு நாட்டுக் கொடிகள். மேசைக்குப் பின்னே இரு பல்கலைக் கழகங்களின் தலைவர்கள். கோப்புகள் கைமாறுகின்றன, கைகள் குலுக்கப்படுகின்றன, பொன்னாடை போர்த்தப்படுகிறது, படக் கருவி கண் சிமிட்டுகிறது. மறுநாள் ஏட்டிலே செய்தி வருகிறது: கூட்டு ஆராய்ச்சி நடத்தவும் மாணவர்களைப் பரிமாறிக் கொள்ளவும் அயல்நாட்டுப் பல்கலைக் கழகத்துடன் உடன்பாடு! படிக்கிறோம். ‘படித்தவர் பாடு அது’ என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறோம்.

புரட்டிவிட வேண்டாம், தோழர்களே! அரிசி விலையைப் பற்றிய செய்தியை எவ்வளவு கூர்ந்து படிக்கிறோமோ, அவ்வளவு கூர்ந்து படிக்க வேண்டிய செய்தி இது. யார் வீட்டுப் பிள்ளைக்கு உலகின் கதவு திறக்கும், யார் வீட்டுப் பிள்ளை வாசற்படியோடு நின்றுவிடும் என்ற தீர்ப்பு அந்தக் கோப்புக்குள்ளேதான் எழுதப்பட்டிருக்கிறது.

பட்டம் பெறுமுன்பே கல்லூரியை விட்டு மேடைக்கு வந்தவன் நான். பல்கலைக் கழகங்களைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்போர் கேட்கட்டும். ஊரார் பணத்தில் நடக்கும் ஒன்றைப் பற்றிப் பேச ஊரான் என்ற தகுதி போதும். உப்புக்கும் தீப்பெட்டிக்கும் காசு கொடுக்கும் ஒவ்வொருவனும் பல்கலைக் கழகத்தின் பங்காளி. பங்காளி கணக்குக் கேட்கலாம். இன்று அந்தக் கணக்கைத்தான் கேட்கப் போகிறோம்.

கணக்கைத் தொடங்கத் தொலைதூரம் போக வேண்டாம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்சார இரயில் ஓடுகிறது. கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் என்று நிலையங்களின் பெயரை நாம் தூக்கத்திலும் ஒப்பிப்போம். அந்தப் பாதையின் இருமருங்கிலும் உலகம் வந்து இறங்கிய சுவடுகள் கிடக்கின்றன. கிண்டிக்கு அருகே ஜெர்மானியர் துணையோடு எழுந்த தொழில்நுட்பக் கழகம். குரோம்பேட்டையில் ஆஸ்திரியரும் ஜெர்மானியரும் வானூர்திப் பொறியியல் கற்பித்த கல்விக்கூடம். தாம்பரத்தில் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் தொடங்கிய கல்லூரி. அயல்நாட்டு உறவு நமக்குப் புதிதன்று. இந்தப் பக்கத்து மண்ணுக்கு அது பழகிய விருந்து.

விருந்து பழகியது என்பதால், விருந்தை மதிப்பிடவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று கேள்விகளால் மதிப்பிடலாம். விருந்தினர் போன பிறகு வீட்டில் மிஞ்சியது என்ன? ஆராய்ச்சி யாருடைய கேள்விக்கு விடை தேடுகிறது? பரிமாற்றம் என்று சொல்லி வானூர்தியில் ஏறுவது யாருடைய பிள்ளை?

முதல் கேள்வியை முதலில் எடுப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, உலகம் இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற நேரம். வல்லரசுகள் படைக்கலங்களைக் காட்டி மிரட்டியதோடு நிற்கவில்லை. பாடப் புத்தகங்களைக் காட்டியும் நட்புத் தேடின. பம்பாயில் எழுந்த தொழில்நுட்பக் கழகத்துக்கு யுனெஸ்கோ வழியாகச் சோவியத் நாட்டின் உதவி வந்தது. கான்பூருக்கு அமெரிக்காவின் 9 பல்கலைக் கழகங்கள் கைகொடுத்தன. டில்லிக்குப் பிரிட்டன். சென்னைக்கு மேற்கு ஜெர்மனி. 1956இல் உதவ முன்வந்தது அந்த நாடு. 1959இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் கழகத்தைத் தொடங்கி வைத்தார். கிண்டிக் காட்டின் ஒரு பகுதி கல்விக்கூடமாயிற்று. புள்ளிமான்கள் மேய்ந்த நிலத்தில் பொறிகள் வந்து இறங்கின.

அந்த ஒப்பந்தத்தின் உள்ளே இருந்தது என்ன? ஜெர்மனியிலிருந்து ஆய்வுக்கூடக் கருவிகள், பட்டறைகளுக்குப் பொறிகள், கற்பிக்கப் பேராசிரியர்கள். இவ்வளவோடு நின்றிருந்தால் அதைத் தானம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இன்னொன்றும் அதிலே இருந்தது: நம் ஆசிரியர்களை ஜெர்மனிக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்து அனுப்புவது. அந்த ஒன்றுதான் ஒப்பந்தத்தின் உயிர்நாடி. கருவி துருப்பிடிக்கும், வந்த பேராசிரியர் ஒருநாள் பெட்டியைக் கட்டுவார், கற்றுக் கொண்டு திரும்பிய நம் ஆசிரியரோ அடுத்த தலைமுறைக்குக் கற்றுக் கொடுப்பார். ஜெர்மானியர் சென்றனர், கழகம் நின்றது, வளர்ந்தது. மிஞ்சியது என்ன என்ற கேள்விக்கு இப்படி ஒரு விடை கிடைக்குமானால், அந்தக் கைகுலுக்கலை வாழ்த்தலாம்.

ஆனால், மிஞ்சியது யாருக்கு என்றும் கேட்க வேண்டும் அல்லவா? 1959இல் கதவு திறந்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு அங்கே இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது 1973இல். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்பது உச்சநீதிமன்றத்தின் வாசலைக் கடந்து செயலுக்கு வந்தது 2008இல். அதாவது, 49 ஆண்டுகள்! காடு நம்முடையது, நிலம் நம்முடையது, அண்டை அயலில் வாழ்ந்தவர்கள் நம்மவர்கள், ஆனால் பிற்படுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கென ஓர் இடத்தை எழுதி வைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. ஜெர்மானியரைக் குறை கூறுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வந்த கையை வரவேற்றவர்கள், வீட்டுக்குள் நின்ற கைகளைக் காணவில்லை. இதைத்தான் மறவாமல் நெஞ்சிலே குறித்துக் கொள்ள வேண்டும்: உலகத்தோடு நாம் செய்யும் ஒப்பந்தம் எவ்வளவு சிறந்ததாயினும், ஊரோடு செய்யும் ஒப்பந்தம் இல்லையானால் பயன் மேட்டிலேயே தங்கிவிடும், பள்ளத்துக்கு இறங்காது.

இனி, குரோம்பேட்டைக்கு வருவோம்.

தோலைப் பதனிட்ட குரோம் லெதர் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே 1949இல் சி. இராஜம் என்னும் தொழிலதிபர் தம் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு ஒரு கல்விக்கூடம் கண்டார். வானூர்தி, மோட்டார் வண்டி, மின்னணு, கருவியியல் என்று அந்நாளில் மற்றவர்கள் நினைத்துப் பார்க்கத் தயங்கிய துறைகளைக் கற்பிக்கத் துணிந்த கூடம் அது. இன்று அண்ணா பல்கலைக் கழகத்தின் ஓர் அங்கமாக விளங்குகிறது. அங்கே ஐம்பதுகளில் வானூர்தித் துறைக்குத் தலைமை தாங்கியவர் வால்டர் ரெபெந்தின் என்னும் ஜெர்மானியர். அவரோடு பணியாற்றிய ஸ்பாண்டர் என்னும் ஆஸ்திரியர், நாஜிகளிடம் சிக்கிச் சிறை முகாமில் வதைப்பட்டவர். அப்துல் கலாம் தம் வாழ்க்கை நூலில் இதைக் குறித்திருக்கிறார். எண்ணிப் பாருங்கள்! ஐரோப்பாவில் ஒருவர் நாட்டை மற்றவர் நாடு விழுங்கியது. ஒரு நாட்டின் கொடுமை மற்றவர் உடம்பிலே தழும்பாயிற்று. அந்த இருவரும் குரோம்பேட்டையில் ஒரே கூரையின்கீழ், ஒரே கரும்பலகையின் முன்னே, மீனவர் ஊராம் இராமேசுவரத்திலிருந்து வந்த ஓர் ஏழைப் படகுக்காரர் மகனுக்கு இறக்கை எப்படிக் காற்றைத் தாங்குகிறது என்று கற்பித்தார்கள். கல்விக்கூடங்களின் நட்பு இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ய வல்லது. போர் கிழித்ததைத் தைக்கும் ஊசி அது.

அந்தப் படகுக்காரர் மகன் எப்படி அந்த வகுப்புக்குள் நுழைந்தார்? சேர்க்கைக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் இல்லை. தமக்கை சோஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். வளையல் வட்டிக் கடைக்குப் போயிற்று. தம்பி வகுப்பறைக்குப் போனார். பின்னாளில் அவர் குடியரசுத் தலைவரானார். நாம் கைதட்டுகிறோம். கைதட்டும் ஓசையிலே ஒரு கேள்வி அமுங்கிப் போகிறது: அடகு வைக்க வளையல் இல்லாத அக்காள்களின் தம்பிகள் என்ன ஆனார்கள்? அவர்களுடைய வரலாறு எந்த நூலிலும் இல்லை. நூல் எழுதும் இடத்துக்கு அவர்கள் வந்து சேரவே இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆராய்ச்சி யாருடைய கேள்விக்கு விடை தேடுகிறது?

தாம்பரத்துக்கு முந்திய நிலையத்துக்குச் சானடோரியம் என்று பெயர். 1928இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து அங்கே காசநோய் மருத்துவ இல்லம் கண்டார். இங்கிலாந்தில் கற்று, அங்கே காசநோய் மருத்துவம் புரிந்து, அந்த அறிவைத் தாயகத்துக்குக் கொண்டு வந்தவர் அவர். நோயாளியைத் தனியிடத்தில் வைத்து, நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் கொடுப்பதே அந்நாளில் உலகம் அறிந்த மருத்துவம். ஆனால் நாட்டில் நோயாளிகளோ இலட்சக் கணக்கில். படுக்கைகளோ ஆயிரக் கணக்கில். படுக்கை கிடைக்காத ஏழை என்ன செய்வான்? இருமியபடியே வீட்டில் கிடப்பான். இரத்தம் கக்கிச் சாவான்.

1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக நல்வாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஆய்வை நடத்தினார். அவர்கள் எடுத்துக் கொண்ட கேள்வி எளியது: ஏழை நோயாளி தன் வீட்டில், தன் நெரிசலான குடியிருப்பில் இருந்தபடியே மருந்தை உண்டால் பிழைப்பானா? 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர்க்குச் சானடோரியத்தில் மருத்துவம். மறுபகுதியினர்க்கு வீட்டில் மருத்துவம். மருந்து ஒன்றே, காலமும் ஓராண்டு. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் மருந்துண்டவனும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தான்! அவனோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் கேடு விளையவில்லை! சென்னையின் குடிசைகளில் கண்டறிந்த அந்த உண்மை உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. ஆப்பிரிக்க ஏழைக்கும் ஆசிய ஏழைக்கும் படுக்கைக்காகக் காத்திருக்கும் தலைவிதி நீங்கியது.

கூட்டு ஆராய்ச்சி என்றால் இதுவன்றோ! அயலார் பணமும் அறிவும் வந்தன. கேள்வி நம் ஏழையின் வீட்டு வாசலிலிருந்து எழுந்தது. விடை உலகத்துக்கே பொதுவாயிற்று.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. மிசிசிப்பிப் பல்கலைக் கழக மருத்துவ மையத்தோடு தொடர்புடையோர்க்கு 1995இல் அமெரிக்கா ஒரு காப்புரிமை வழங்கியது. எதற்கு? மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு! நம் பாட்டி அம்மிக்கல்லில் அரைத்து நம் முழங்காலில் பூசிய மஞ்சளுக்கு அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் உரிமைப் பத்திரம்! இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்காடியது. பழைய ஏடுகளைச் சான்றாக நீட்டியது. 1997இல் அந்த உரிமை நீக்கப்பட்டது. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் எழுந்திருக்கிறது. நாளை அங்கே ஓர் அயல்நாட்டுப் பல்கலைக் கழகம் கூட்டு ஆய்வுக்கு வரட்டும், வரவேற்போம். ஆனால் கையெழுத்திடுமுன் கேட்போம்: கண்டுபிடிப்பு யார் பெயரில் பதிவாகும்? கட்டுரையில் நம் ஆய்வாளர் பெயர் எந்த இடத்தில் வரும்? ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்த நோயாளிக்கு மருந்து எந்த விலைக்குக் கிடைக்கும்? இவற்றைக் கேட்காமல் கையெழுத்திடுகிறவர், தாய்வீட்டுச் சொத்தை யாரிடமும் சொல்லாமல் எழுதிக் கொடுக்கிறவர்.

கேள்வி கேட்கும் உரிமை என்றதும் தாம்பரத்துக் கல்லூரி நினைவுக்கு வருகிறது. 1837இல் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் சென்னையில் தொடங்கிய பள்ளி, சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்து, நூறாவது ஆண்டில், 1937இல், தாம்பரத்துச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. நகரத்தில் இருந்த காலத்தில் அங்கே படித்தவர் இராதாகிருஷ்ணன். இந்தியத் தத்துவத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற பாதிரிமாரின் குற்றச்சாட்டைக் கேட்டு, அதற்கு மறுப்பாகவே தம் ஆய்வுரையை எழுதினார் அந்த மாணவர். ஹாக் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் அதைப் பாராட்டினார். மறுத்தெழுதிய மாணவர் 1936இல் ஆக்ஸ்போர்டில் ஸ்பால்டிங் பேராசிரியராக அமர்ந்தார். அவர் கண்ட தத்துவம் நமக்கு உடன்பாடா என்பது வேறு வழக்கு. அதை வேறொரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக் கொள்ளலாம். ஆசிரியரை மறுக்கும் உரிமை மாணவனுக்கும், அந்த மறுப்பைப் பாராட்டும் பெருந்தன்மை ஆசிரியருக்கும் இருந்தனவே, அந்த மரபைத்தான் இங்கே போற்றுகிறேன். 1968இல் அறிஞர் அண்ணா யேல் பல்கலைக் கழகத்துக்குச் சப் நல்கை பெற்ற அறிஞராகச் சென்றபோதும் தமிழன் கைகட்டி நிற்கவில்லை, கருத்துரைத்துத் திரும்பினான். சமமாக நின்று பேச முடிகிற இடத்தில்தான் கூட்டுறவு உண்டு. மற்றதெல்லாம் குற்றேவல்.

மூன்றாவது கேள்வி, முள்ளாய்க் குத்தும் கேள்வி. வானூர்தியில் ஏறுவது யாருடைய பிள்ளை?

அமெரிக்காவின் வட கரோலைனாவில் உள்ள டேவிட்சன் கல்லூரி மாணவர்கள் தாம்பரம் கிறித்துவக் கல்லூரிக்கு வந்து ஒரு பருவம் தங்கிப் படிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. வரட்டும், நம் வெயிலையும் மழையையும் பார்க்கட்டும், இட்டலியையும் இடியாப்பத்தையும் சுவைக்கட்டும், நம் வரலாற்றைக் கற்றுச் செல்லட்டும். அவர்களைப் போல நம் பிள்ளைகளும் போய்வர வேண்டும் என்பதே நம் ஆசை. எந்தப் பல்கலைக் கழகமானாலும் ஒப்பந்தத்தில் ‘பரிமாற்றம்’ என்றுதான் எழுதுகிறார்கள். எழுத்திலே இரு வழிப் பாதை. நடப்பிலே?

நாடகம் எழுதிப் பழகிய கை. ஒரு காட்சியாகவே தீட்டி விடுகிறேன். பல்லாவரத்துக்கு அடுத்த நாகல்கேணி. தோல் பதனிடும் கூடத்திலிருந்து தந்தை வீடு திரும்புகிறார். பொறியியல் படிக்கும் மகள் காத்திருக்கிறாள்.

மகள்: அப்பா, எங்கள் கல்லூரியிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு பருவம் படிக்க அனுப்புகிறார்கள். என் மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்குமாம்.

தந்தை: கட்டணம் எவ்வளவு, அம்மா?

மகள்: அங்கே கட்டணம் இல்லை, அப்பா. இங்கே கட்டுவதே போதுமாம்.

தந்தை: பிறகென்ன? போய் வா, மகளே!

மகள்: விமானச் செலவு நம்முடையது. தங்குவதும் உண்பதும் நம்முடையது. மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். அங்கே வாழப் பணம் இருக்கிறது என்று வங்கியில் போட்டுக் காட்டினால்தான் விசா கொடுப்பார்களாம்.

தந்தை: எவ்வளவு காட்ட வேண்டும்?

மகள்: ...

தந்தை: கட்டணம் இல்லை என்றாயே, அம்மா?

மகள்: கட்டணம் இல்லைதான், அப்பா.

திரை விழுகிறது, தோழர்களே!

மகள் வாய்விட்டுச் சொல்லாத தொகையை நான் சொல்கிறேன். ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் மாணவர் வங்கியில் காட்ட வேண்டிய தொகை மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என்று 2024 செப்டம்பரில் ஆக்கப்பட்டது. நம் பணத்தில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கு மேல்; ஒரு பருவத்துக்கு அதில் பாதி. தோல் கூடத்தில் வேலை செய்யும் தந்தை எத்தனை ஆண்டு உழைத்தால் அதைச் சேர்க்க முடியும்? சேர்க்க முடியாத வீட்டின் மகள், மதிப்பெண் பட்டியலில் முதலில் நின்றாலும் பயணப் பட்டியலில் நிற்க மாட்டாள். அவள் இடத்தில் மற்றொருத்தி போவாள். ஒப்பந்தம் நிறைவேறியதாகக் கோப்பு சொல்லும்.

விதிகளும் மேட்டை நோக்கியே பாய்கின்றன. இரு நாட்டுப் பல்கலைக் கழகங்கள் சேர்ந்து பட்டம் வழங்கப் பல்கலைக் கழக மானியக் குழு 2022இல் விதி வகுத்தது. தரமதிப்பீட்டில் 3.01 புள்ளி பெற்றிருக்க வேண்டும். அல்லது நாட்டின் தரவரிசையில் முதல் 100 பல்கலைக் கழகங்களுக்குள் இருக்க வேண்டும். அல்லது சிறப்புநிலைக் கல்வி நிறுவனமாக இருக்க வேண்டும். அயல்நாட்டுப் பல்கலைக் கழகமோ உலகத் தரவரிசையில் முதல் 1,000க்குள் இருக்க வேண்டும். தரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஏழைப் பிள்ளைகள் நிறைந்திருப்பது எங்கே? ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்கும் அரசுக் கல்லூரிகளில்! அந்தக் கல்லூரிகளை உயர்த்தாமல், உயர்ந்தவை மட்டும் உலகோடு உறவாடலாம் என்றால், ஏற்கெனவே ஏணியில் நிற்பவனுக்கு இன்னோர் ஏணி கொடுத்ததாகத்தான் முடியும்.

இதைவிடக் கொடியது ஒன்றும் அதே 2022இல் நடந்தது. தாழ்த்தப்பட்ட மாணவர்கள் அயல்நாட்டில் மேற்படிப்புப் படிக்க மத்திய அரசு வழங்கும் தேசிய அயல்நாட்டு உதவித் தொகை, 1954-55 முதல் வழங்கப்பட்டு வருவது. நாடு முழுமைக்கும் 125 இடங்கள். அந்த உதவித் தொகைக்கு ஒரு புது விதி எழுதினார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு அயல்நாடு செல்ல உதவி இல்லை!

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த உதவித் தொகையைப் பெற்றுக் கப்பலேறி, நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்துக்குச் சென்றவர் அம்பேத்கர். அங்கே 1916இல் அவர் படித்தளித்த கட்டுரை எதைப் பற்றியது? இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்பதைப் பற்றியது. மன்னர் தந்த உதவியில் அம்பேத்கர் ஆராய்ந்த பொருளை, மக்களாட்சி தரும் உதவியில் அம்பேத்கரின் பேரப்பிள்ளைகள் ஆராய முடியாது! அடிமைப்பட்ட நாட்டில் திறந்திருந்த கதவு, விடுதலை பெற்ற நாட்டில் அடைபடுகிறது! எதற்காக அச்சம்? தொலைவில் நின்று பார்த்தால் வீட்டின் விரிசல் தெரிந்துவிடும் என்றா?

தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரிலேயே அயலக உயர்கல்வி உதவித் தொகை வகுத்திருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்கு ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை வழங்கும் திட்டம் அது. நன்று, மிக நன்று. ஆனால் அது முதுகலைக்கும் ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் உரியது. ஒரே ஒரு பருவம் போய்வரத் துடிக்கும் நாகல்கேணிப் பெண் அந்தக் குடைக்குள் வரவில்லை. அவளுக்கும் ஒரு குடை வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: அயல்நாட்டு உடன்பாடு ஒவ்வொன்றின் கணக்கையும் ஆண்டுதோறும் ஊரறிய வெளியிட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், போனவர்களில் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் எத்தனை பேர், செலவை ஏற்றவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு: பரிமாற்றத்துக்குத் தேர்வாகும் ஏழை மாணவரின் பயணம், தங்கல், வங்கிக் காப்புத் தொகை ஆகியவற்றை ஏற்கப் பல்கலைக் கழகந்தோறும் ஒரு நிதி வேண்டும், நிதி இல்லாத பரிமாற்றத்தில் கையெழுத்திடுதல் கூடாது. மூன்று: கூட்டு ஆராய்ச்சியின் முடிவு தமிழிலும் வெளிவர வேண்டும். எந்த ஊரின் நீரையும் காற்றையும் உடம்பையும் ஆராய்ந்தார்களோ, அந்த ஊரார் படித்து அறியும் மொழியில் வரவேண்டும்.

இவற்றை நாம் கேட்பதற்கு இன்று இன்னொரு காரணமும் உண்டு. விருந்துக்குப் போனவர்கள் விருந்து வைப்பவர்களாகி விட்டோம்! ஜெர்மானியர் கைகொடுத்து எழுந்த சென்னைத் தொழில்நுட்பக் கழகம், 2023 நவம்பரில், ஆப்பிரிக்கக் கரையோரம் சான்சிபார் தீவில் தன் கிளையைத் திறந்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று கடல் கடந்து கண்ட முதல் கிளை. அதன் தலைமைப் பொறுப்பில் பிரீத்தி அகலாயம் என்னும் பெண்மணி அமர்ந்தார். பெருமை கொள்வோம். பெருமையோடு பொறுப்பையும் ஏற்போம். நாம் ஜெர்மானியரிடம் எதிர்பார்த்ததைச் சான்சிபார் மக்கள் நம்மிடம் எதிர்பார்ப்பார்கள். அவர்களுடைய ஆசிரியர்களை நாம் உருவாக்குகிறோமா? அவர்களுடைய கேள்விகளுக்கு விடை தேடுகிறோமா? அந்தத் தீவின் மீனவர் மகள் அந்த வகுப்பில் இருக்கிறாளா? பிறரிடம் கேட்கும் கேள்வியைத் தன்னிடமும் கேட்பவனுக்கே கேட்கும் உரிமை உண்டு.

தோழர்களே! கோரிக்கை எழுதுவது ஏட்டின் வேலை. அதை நிறைவேற வைப்பது உங்கள் வேலை. பல்லாவரத்திலும், பம்மலிலும், குரோம்பேட்டையிலும், சேலையூரிலும், பெருங்களத்தூரிலும் நம் படிப்பகங்கள் இருக்கின்றன. படிப்பகத்தின் சுவரில் ஒரு பலகையை மாட்டுங்கள். உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், வேண்டிய சான்றிதழ்கள், அவற்றைக் கொடுக்கும் அலுவலகம் என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கல்லூரி செல்லும் பிள்ளை இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். வருமானச் சான்றுக்கும் கடவுச் சீட்டுக்கும் வரிசையில் நிற்கும் தாயோடு நீங்களும் போய் நில்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. அரசுப் பல்கலைக் கழகத்துக்கு ஒரு மனு எழுதி உடன்பாடுகளின் கணக்கைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு பிள்ளையை ஒரு படிப்பகம் அனுப்பி வைத்தால் போதும். பத்தாண்டில் அந்தத் தெருவின் பேச்சே மாறிவிடும்.

குரோம்பேட்டையில் இரயில் ஏறினால் அடுத்தது பல்லாவரம், அதற்கடுத்தது திரிசூலம். திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் வானூர்தி நிலையம். இரண்டே நிலையத் தொலைவு! நம் பிள்ளைகள் பிறந்த நாள்தொட்டு அந்த வானூர்திகளின் வயிற்றைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தே வளர்கிறார்கள். வீட்டுக் கூரை அதிர, பாடப் புத்தகத்தை மூடி வைத்து, ஓசை அடங்கும்வரை காத்திருந்து படிக்கிறார்கள். இரயிலில் பத்து மணித்துளிகூட ஆகாத அந்தத் தொலைவைக் கடக்கச் சில வீடுகளுக்கு மூன்று தலைமுறை ஆகியும் முடியவில்லை.

தொலைவைக் குறைப்போம். நம் வீட்டு வளையல் வட்டிக் கடைக்குப் போகாமலே நம் வீட்டுப் பிள்ளை வானூர்தி ஏறும் நாளைக் கொண்டு வருவோம். போகும் பிள்ளை கற்று வரட்டும், கற்பித்தும் வரட்டும், திரும்பி வந்து, அதே திரிசூலத்தில் இரயிலேறி, நம் படிப்பகத்துக்கு வந்து, தான் கண்ட உலகத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். அந்த மாலையில் கூடும் கூட்டத்தில் முதல் வரிசையில், தோல் கூடத்தின் வேலை முடித்து வந்த தந்தை அமர்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு எழுதலாம், தோழர்களே, ‘உடன்பாடு நிறைவேறியது’ என்று!